ரத்னா திரும்பி வந்ததைச் சொல்லாத வீடு

மகனே, ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது, லைன் சரியில்லை என்று சொல்லிப் பேச்சின் நடுவிலேயே வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் அடுத்த அறையிலிருந்து பேசுவதுபோல் கேட்டது. அப்பாவின் முதல் வருஷத் திதிக்கு ஆரணி வந்தாய், காரியத்தை முடித்தாய், பாங்காக் திரும்பினாய். வெளிநாட்டுக்காரன் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால், அவன் எங்கே தங்கியிருக்கிறான் என்பதை வீட்டுச் சொந்தக்காரர் ஒரு நாளுக்குள் அங்கே இருக்கிற ஆபீசில் தெரிவிக்க வேண்டுமாம். ஒவ்வொரு முறை போய் வரும்போதும் தெரிவிக்க வேண்டுமாம். உனக்கு வாடகைக்கு விட்டிருக்கிற அந்த வயதான வீட்டுக்காரி மறந்துவிட்டாள். நீ விசாவை நீட்டிக்கப் போன இடத்தில் அது தெரிந்து, உன்னைப் பகல் முழுக்க நிற்க வைத்து, அபராதம் போட்டு அனுப்பினார்கள். "திருடன நிக்க வெக்கிற மாதிரி நிக்க வெச்சிட்டாங்கமா. ஒருத்தன் மூஞ்சியக் கூடப் பாக்கல. நான் இன்னா தப்பு பண்ணேன்? பொம்பள சொல்லாததுக்கு நானா பொறுப்பு?" என்றாய். உன் குரல் நடுங்கியது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு நீ ஒன்று கேட்டாய். "நம்ம ஊர்ல வெளிநாட்டுக்காரங்கள நாம இப்டியா நடத்துறோம்? நீயே சொல்லுமா."

அந்த இடத்தில்தான் போனை வைத்தேன். நீ என்னைக் குத்திக்காட்ட அப்படிக் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். நிஜமாகவே மறந்துபோய்க் கேட்டாய். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நீ செய்த காரியம் உன் மனத்தில் ஒரு மூலையிலாவது கிடந்து உறுத்தும், அந்த உறுத்தலால்தான் நீ அதைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். உறுத்தலும் இல்லை, ஒன்றும் இல்லை. துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருக்கிறாய். ஆகவே நடந்ததை எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய். எழுத்தில் அது முடியாது.

செய்யாரில் அந்தத் தோல் கையுறைக் கம்பெனி வந்த புதிது. நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மாடியில் இரண்டு அறை கட்டி முடித்திருந்தோம். உனக்குக் கல்யாணம் ஆனால் உதவும், அதுவரை வாடகைக்கு விடலாம் என்று உன் அப்பா சொன்னார். அவர் நெல் மண்டியில் யாரிடமோ சொல்லி வைக்க, கம்பெனி ஆள் ஒருவர் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். இந்தோனேசியாவிலிருந்து, பெண்களுக்குக் கையுறை தைக்கக் கற்றுக்கொடுக்க வந்தவள். நாற்பதைத் தாண்டியவள், குள்ளம், தலையில் முக்காடு. பேர் ரத்னா என்றதும் உன் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேரு நம்ம பேரா கீதே" என்றார். கம்பெனி ஆள் விதிகளைச் சொன்னார். வெளிநாட்டுக்காரரைத் தங்க வைக்கிற வீட்டுக்காரர் ஒரு நாளுக்குள் போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் வெளிநாடு போய்த் திரும்பினால் மறுபடியும் கொடுக்க வேண்டும். மாவட்ட ஆபீசில் அவர் பதிவு செய்துகொள்வது தனி, அதைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். "ஸ்டேஷன் விஷயம் மட்டும் நீங்க பாத்துக்கணும், மறந்துட்டா அவங்களுக்குத்தான் பேஜார்" என்றார். கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த நீ, "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் சார்" என்றாய். யாரும் உன்னைக் கேட்கவில்லை. நீயாகவே சொன்னாய்.

முதலில் உனக்கு அந்த வேலை பிடித்தும் இருந்தது. பாஸ்போர்ட் நகலை உறையில் போட்டு, பைக்கை உதைத்துக் கிளம்புவாய். வழியில் பார்ப்பவனிடமெல்லாம் "எங்க வீட்ல ஃபாரின்காரங்க தங்கிகினு கீறாங்க, ஸ்டேஷன் வரைக்கும் போய்கினு வரேன்" என்று சொல்வாய். படிப்பை முடித்து வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருந்த காலம். உனக்கும் ஒரு பெருமை வேண்டியிருந்தது. அதில் நான் தப்பு சொல்லவில்லை.

ரத்னாவைப் பற்றி உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை. விடிந்ததும் தொழுகை, குளியல், டிபன் டப்பா, பிறகு பஸ் ஸ்டாண்டில் கம்பெனி பஸ். சாயங்காலம் வந்தால் மாடியில் வேர்க்கடலை வறுபடும் வாசனை வரும். நம் பக்கத்துக் கடலையைப் பார்த்து அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் ஊரில் அதை அரைத்துக் குழம்பு மாதிரி செய்து எல்லாவற்றின் மேலும் ஊற்றுவார்களாம். எனக்கு ஒரு கிண்ணத்தில் கொண்டு வந்து கொடுத்தாள். வெல்லம் போட்டிருந்ததால் எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன், அதன் பிறகு வாரம் தவறாமல் வந்தது. தமிழைக் கம்பெனிப் பெண்களிடம் கற்றுக்கொண்டாள். அதனால் எடுத்த எடுப்பிலேயே நம் ஊர்ப் பேச்சுத்தான் வந்தது. "அக்கா, நான் துணி காயவெச்சிகினு கீறேன்" என்று அவள் சொல்லும்போது பக்கத்து வீட்டுத் தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். அவள் மகள் பேர் சித்தி. "இன்னாக்கா இது, பொண்ணயே சித்தின்னு கூப்புடுதே" என்று தெரு முழுக்கப் பேச்சு. அந்தச் சித்தி அங்கே நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். நான் நர்ஸ் என்று தெரிந்த நாளிலிருந்து ரத்னா என்னிடம் ஒட்டிக்கொண்டாள். நைட் டியூட்டி கஷ்டமா, ரத்தம் பார்த்தால் முதலில் மயக்கம் வருமா, கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போக விடுவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். கேட்பது மகளுக்காக.

ஒரு மழை நாளில் நான் மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேனே, அப்போது மாவுக்கட்டோடு இருந்த எனக்குத் தினமும் தலை வாரிப் பின்னிவிட்டது யார் என்று நினைத்தாய்? கம்பெனி பஸ் போய்விடுமே என்ற அவசரத்திலும் கீழே இறங்கி வந்து, சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, இழுத்துப் பிடித்துப் பின்னிவிட்டு ஓடுவாள். என் தலையை என் அம்மாவுக்குப் பிறகு வேறு யாரும் தொட்டதில்லை. இதை அவளிடம் சொன்னதில்லை. இப்போது உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

பிறகு உன் சிநேகிதன் ஒருவன் வந்தான். மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் போடலாம், ஊரில் அப்படி ஒன்று இல்லை, பிள்ளைகள் குவிவார்கள் என்றான். நீ அப்பாவிடம் கேட்டாய். அவர், "சித்திர வரைக்கும் அக்ரிமெண்டு போட்டிருக்கோம்டா. நடுவுல எப்டிக் காலி பண்ணச் சொல்றது? நாலு பேரு இன்னா நெனப்பாங்க?" என்றார். நீ சித்திரை வரை பொறுக்க முடியாது என்றாய். அவன் வேறு இடம் பார்த்துவிடுவான் என்றாய். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாய். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, சரியாகிவிட்டாய். நானும் நிம்மதி அடைந்தேன். உன்னைப் பெற்றவளுக்கு அங்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நீ கேட்டது கிடைக்காமல் சும்மா அடங்கிய பிள்ளை இல்லை.

அந்த வருஷம் நோன்புப் பெருநாளுக்கு ரத்னா ஊருக்குப் போய் வந்தாள். திரும்பி வரும்போது எனக்கு ஒரு கைப்பை, அப்பாவுக்கு ஒரு லுங்கி, உனக்குப் பூப்போட்ட சட்டை. வந்த அன்றே, பெட்டியைக்கூடப் பிரிக்காமல், பாஸ்போர்ட் நகலை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். "அக்கா, ஸ்டேஷன் பேப்பர்" என்றாள். நான் உட்கார்ந்து எழுதினேன். அவள் பேர், பாஸ்போர்ட் எண், வந்த தேதி, நம் விலாசம் எல்லாம் என் கையெழுத்தில். உன்னிடம் கொடுத்தேன். அவள் கொண்டு வந்த சட்டையைப் போட்டுக்கொண்டு நீ கிளம்பினாய். திரும்பி வந்து, "குடுத்துட்டேன்" என்றாய். கைகழுவி உட்கார்ந்து சாப்பிட்டாய். நான் மோர் ஊற்றினேன்.

ஒரு மாதம் போல ஆகியிருக்கும். ஒரு போலீஸ்காரர் வாசலில் வந்து நின்றார். மாடியில் வெளிநாட்டுக்காரி ஒருத்தி போலீசுக்குத் தெரிவிக்காமல் தங்கியிருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது, வீட்டில் இருக்கிற எல்லாரும் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்றார். எனக்கு அப்போது கொஞ்சமும் பயமில்லை. பேப்பர் கொடுத்தாயிற்றே, எங்கேயோ மாறி வைத்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். கம்பெனியிலிருந்து ரத்னாவை, முதலில் வீட்டுக்கு அழைத்து வந்த அந்த ஆளே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். வேலை செய்யும் ஏப்ரனோடு வந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். எங்களை உட்காரச் சொன்னார். பிறகு உன் பக்கம் திரும்பி, "போன தடவ எல்லாம் நீதானப்பா கொண்டாந்து குடுப்ப. இந்த வாட்டி இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

நீ என்ன சொன்னாய் என்று இப்போது சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு மறந்துவிட்டது. "சார், இவங்க திரும்பி வந்ததே எங்களுக்குச் சொல்லல. மாடிக்குத் தனிப் படி. எப்ப வராங்க எப்ப போறாங்கன்னு கீழ இருக்கிற எங்களுக்கு எப்டி சார் தெரியும்?" என்றாய். நிதானமாகச் சொன்னாய். ரத்னா உன்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போது தமிழ் நன்றாகவே புரியும். தனக்குத்தான் ஏதோ சரியாகப் புரியவில்லை என்று நினைத்தவள்போல் என்னைப் பார்த்தாள்.

எனக்கு அந்த நேரத்தில் படவேடு ஞாபகம் வந்தது. உனக்கு அப்போது பத்து வயதிருக்கும். ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போயிருந்தோம். உன் அத்தை மகள் சின்னக் குழந்தை, அவள் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி உன்னிடம் விட்டோம். நீ ராட்டினம் பார்க்கப் போய்விட்டாய். குழந்தையைக் காணோம். உன் அத்தை மண்ணில் விழுந்து புரண்டாள். கடைசியில் வளையல் கடைக்காரர் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார். உன்னைக் கேட்டதற்கு, "அவளே கைய உட்டுட்டு ஓடிட்டா" என்றாய். நான் உன்னை இழுத்துப்போய் அந்தக் குழந்தையிடமும் அத்தையிடமும் மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டும் என்று கையைப் பிடித்தேன். உன் அப்பா உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "புள்ளயே பயந்து போயிருக்கான். சரி உடு" என்றார். ஸ்டேஷனில் நீ பேசியது அதே குரல். பத்து வயதில் இருந்த குரல் வளர்ந்து மீசை வைத்துக்கொண்டு வந்து நின்றது, அவ்வளவுதான். பக்கத்தில் உன் அப்பா நின்றார். அவர் பார்த்தது சுவரை.

நான் எழுந்து, "இல்ல சார்" என்றேன். "இவங்க வந்த அன்னிக்கே நகல் குடுத்தாங்க. நான்தான் எழுதினேன். இவன் கையிலதான் குடுத்தேன். குடுத்துட்டேன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னான்."

"எங்கம்மாவுக்கு அவங்க மேல பாசம் சார், அதான் இப்டிப் பேசறாங்க" என்றாய்.

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு என்னிடம், "ஏம்மா, நீங்க சொல்றது நெஜம்னா, கேஸு வீட்டுக்காரர் மேலதான் வரும். உங்க பையனும் பதில் சொல்லணும். யோசிச்சிக்கோங்க. எழுதிக் குடுக்கறீங்களா?" என்றார். வீட்டுக்காரர் என்றால் நம் ஊரில் வீட்டுக்குச் சொந்தக்காரரும்தான், கட்டிய புருஷனும்தான். இரண்டும் ஒரே ஆளாக என் பக்கத்தில் வேர்த்துக்கொண்டு நின்றது. "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்று உன் அப்பா என் புடவைத் தலைப்பைப் பிடித்தார். விபத்துக் கேஸ்களில் எத்தனையோ பேர் சொன்னதை ஆஸ்பத்திரியில் நான் எழுதி வாங்கியிருக்கிறேன். கை உடைந்தவர், தலை பிளந்தவர், மாமியார் தள்ளிவிட்டதைக் கால் தடுக்கியது என்று எழுதச் சொன்ன மருமகள். பயத்தில் பொய் சொல்லுகிறவர்களைப் பார்த்து எத்தனை நாள் மனத்துக்குள் திட்டியிருப்பேன். தலைப்பை உருவிக்கொண்டு உட்கார்ந்தேன். நடந்ததை எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பேப்பரால் என்ன ஆயிற்று என்று கேள். ஒன்றும் ஆகவில்லை. உன் அப்பா தெரிந்த பெரிய மனிதர் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். இரண்டு பேர் சொன்னதையும் மேலே அனுப்பினார்கள், நம்மை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். கம்பெனிதான் விடவில்லை. ரத்னா எதுவும் தப்பு செய்யவில்லை என்று அந்தக் கம்பெனி ஆளுக்குத் தெரியும். நான் கேட்டின் அருகில் நிறுத்திக் கேட்டபோது அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்குப் புரியுதுங்கம்மா. ஆனா போலீஸ் வரைக்கும் போயிட்ட கேஸு. மேல இருக்கிறவங்க பேஜார் வேணாம், அனுப்பிடுன்னு சொல்லிட்டாங்க. வேற ஒருத்தர ஜல்தியா வரவழைக்கிறாங்க" என்றார். அவ்வளவுதான். அவள் ஒரு பேர், அந்தப் பேருக்குப் பதில் இன்னொரு பேர்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நீ என்னிடம் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒத்துக்கொண்டாய், அதற்கு மட்டும் பொய் சொல்லவில்லை. பேப்பரை வழியிலேயே கிழித்துப் போட்டதாகச் சொன்னாய். டீக்கடையில் போலீஸ்காரர் காதில் விஷயத்தைப் போட்டது உன் சிநேகிதன் என்றாய். "வேற வீடு பாத்துப் போயிடுவாங்கன்னுதாம்மா நெனச்சேன். இவ்ளோ தூரம் போவும்னு தெரியாது. அவங்களுக்கு இன்னா, வேற ஊர்ல வேல கெடைக்கும். எனக்கு இது ஒண்ணுதான் கீது" என்றாய். அதுவரை கூட நான் உன்னை மன்னிக்க இடம் தேடிக்கொண்டிருந்தேன். அவங்களுக்கு இன்னா என்றாயே, அப்போது தேடுவதை விட்டுவிட்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் எனக்கு நடந்தது, உனக்கு அல்ல. உன் அப்பா என்னிடம் பேச்சை நிறுத்தினார். காபி வேண்டுமென்றால் டம்ளரைத் தரையில் தட்டுவார். சொந்தக்காரக் கல்யாணத்தில் உன் பெரியம்மா எல்லார் முன்னாலும், "பெத்த புள்ளயவே ஸ்டேஷன்ல காட்டிக் குடுத்தவ, இவ கையால பூ எடுத்துக் குடுக்க வேணாம்" என்று தாம்பாளத்தை என் கையிலிருந்து வாங்கினாள். நீ அங்கேதான் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தாய். கேட்டாய். வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனாய். கம்ப்யூட்டர் சென்டர் திறந்தது. வாழை மரம், சீரியல் பல்ப். நான் மாடிக்கு ஏறவே இல்லை. ஒரு வருஷம் தாண்டவில்லை, உன் சிநேகிதன் மெஷின்களை ஏற்றிக்கொண்டு வேலூர் போய்விட்டான். நீ துணி ஏற்றுமதிக்காரர் ஒருவரைப் பிடித்து பாங்காக் போனாய். விமானம் ஏறும்போது என் காலில் விழுந்தாய். ஆசீர்வாதம் செய்தேன். பெற்றவள் வேறு என்ன செய்வாள்?

உன் அப்பா படுக்கையில் விழுந்த பிறகு அவருக்கு எல்லாம் நான்தான். திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, புண் வராமல் பவுடர் போடுவது. தொழில் பழக்கம், அருவருப்பு இல்லை. ஒரு நாள் கஞ்சி புகட்டும்போது அவராகவே சொன்னார். "அன்னிக்கி நீ சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா நீ சொல்லியிருக்கக் கூடாது." ஸ்பூனை அவர் வாயில் வைத்தேன். விழுங்கினார். அந்த மனிதர் நல்லவர்தான், எனக்கு அவர்மேல் குறையில்லை. ஆனால் உனக்கு வேண்டியபோதெல்லாம் ஒளிந்துகொள்ள ஒரு தோளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது உன் பாங்காக் வீட்டுக்காரியைப் பற்றி. அவள்மேல் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன், இனிமேல் அவளுக்குத் தொந்தரவுதான் என்று போனில் சொன்னாய். வயதானவள் மறந்துபோவதும், வாலிபன் கிழித்துப் போடுவதும் ஒன்றல்ல. அவள் மறந்ததால் நீ ஒரு பகல் நின்றாய், உன் வேலை போகவில்லை, சாயங்காலம் வீடு வந்து சேர்ந்து என்னிடம் குறை சொல்லுகிறாய். புகாரைத் திரும்ப வாங்கு. இது புத்திமதி இல்லை, புத்திமதி கேட்கிற வயதை நீ தாண்டிவிட்டாய். நான் உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன். இனி அந்த ஊரில் நீ எத்தனை வருஷம் இருந்தாலும், போய் வரும் ஒவ்வொரு முறையும், நான் இங்கேதான் இருக்கிறேன், ஓடிப்போகவில்லை என்று யாரிடமாவது போய்ச் சொல்லிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அந்தச் சொல் போய்ச் சேருவது உன் கையில் இல்லை, கீழ்வீட்டில் இருப்பவர் கையில் இருக்கிறது. வெளியூரில் பிழைப்பது என்றால் அதுதான். அவரை நம்புவதைத் தவிர உனக்கு வழியில்லை. ரத்னா நம்மை அப்படித்தான் நம்பினாள்.

கடைசியாக அவள் போன நாளைச் சொல்லிவிடுகிறேன், அன்று நீ வீட்டில் இல்லை. எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. ஸ்டேஷனில் நான் உண்மையைச் சொன்னேனே, பெற்ற பிள்ளைக்கு எதிராகவே சொன்னேனே, அதனால் அவளுக்கு என்மேல் வருத்தம் இருக்காது, இறங்கி வந்து என் கையைப் பிடித்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். வழிக்குச் சாப்பிட எலுமிச்சம்பழச் சாதம் கட்டி வைத்திருந்தேன். கம்பெனி வேன் வந்தது. அவள் பெட்டியை ஒரு படி ஒரு படியாகத் தானே இறக்கினாள். நான் பிடிக்கப் போனேன். "வேணாம்" என்றாள், அக்கா என்று சொல்லவில்லை. மாடிச் சாவியை என்னிடம் நீட்டவில்லை. தெருவைத் தாண்டிப் போய், எதிர்ப் பெட்டிக்கடைக்காரரிடம் கொடுத்து, "அந்த வீட்ல குடுத்துடுங்க" என்றாள். பிறகு வேனில் ஏறினாள்.

அந்த வீடு. அதில் நானும் சேர்த்தி. நான் உண்மை சொன்னவள், நீ பொய் சொன்னவன் என்று நமக்குள் வைத்திருக்கிற கணக்கெல்லாம் அவளுக்கு எதற்கு? அவள் கொடுத்த பேப்பர் இந்த வீட்டுக்குள் வந்தது, போய்ச் சேரவில்லை. அவளுக்கு அவ்வளவுதான் தெரிய வேண்டும். பல நாள் அவள்மேல் எனக்குக் கோபமாகக் கூட இருந்தது. இப்போது இல்லை. அவள் சொன்னது சரி. சித்தி படிப்பை முடித்தாளா, பாதியில் நிறுத்தினாளா, இப்போது எந்த ஆஸ்பத்திரியிலாவது வெள்ளை உடுப்போடு நிற்கிறாளா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. விசாரிக்க எனக்கு முகமில்லை.

அடுத்த மாதம் பாங்காக் வந்து உன்னோடு இரு என்று கூப்பிட்டாய். நான் வரவில்லை. உடம்பு முடியாமல் இல்லை, மனமில்லை. நீ இங்கே வந்தால் சோறு உண்டு, படுக்க இடம் உண்டு. ஆனால் இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே. செய்தால் நீ அழுவாய். உன் குரல் கொஞ்சம் கம்மினால் போதும், எனக்கு மனசு கேட்காது, சரி விடுடா என்று சொல்லிவிடுவேன். அந்த வார்த்தையை இந்த வீட்டில் உனக்கு நிறையவே சொல்லியாகிவிட்டது.

உன் அம்மா